மூன்றாவது பெட்டி எதற்கு?

போனில் நான் இருக்கும் குழுக்களில் பெரும்பாலானவை “அர்ஜென்ட்” என்ற சொல்லோடுதான் விடியும். பட்டன் வரவில்லை, லேபிள் மாறிவிட்டது, கன்டெய்னர் கிளம்பப்போகிறது என்று காலைக் காபிக்கு முன்பே பதைபதைப்பு தொடங்கிவிடும். ஒரே ஒரு குழுவில் மட்டும் யாருக்கும் எந்த அவசரமும் கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை விளையாடுகிறவர்களின் குழு அது. சென்ற ஆண்டு அந்தக் குழுவிலும் ஒரு நாள் பெரிய ரகளை. நாங்கள் விளையாடும் விளையாட்டுக்கு இன்னொரு ஆரம்பப் பெட்டி வரப்போகிறது என்று யாரோ படம் போட்டிருந்தார்கள். இருக்கிற பெட்டிகள் போதாதா என்று ஒரு கட்சி. புதிதாக வருகிறவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார்கள் என்று எதிர்க்கட்சி. “எங்கள் வீட்டுப் பீரோ மேல் இரண்டு பெட்டிகள் கிடக்கின்றன, மூன்றாவது வேண்டவே வேண்டாம்” என்று நான் சூடாக எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆனால் அன்று வந்த கோபத்தில் பாதிதான் அந்தப் பெட்டியின் மீது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவார்கள். “முன்னால் ஒரு பூட்டிய கதவு இருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று நடத்துபவர் கேட்பார். உடைக்கிறேன், தட்டுகிறேன், திரும்பி ஓடுகிறேன் என்று எது வேண்டுமானாலும் சொல்லலாம். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. ஆரம்பப் பெட்டி என்பது முதல்முறை விளையாடுகிறவர்களுக்காகச் செய்தது. பகடைகள், தயாராக எழுதி வைத்த பாத்திரங்கள், சுருக்கமான விதிகள், முதல் கதைக்கான ஒரு புத்தகம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அந்தக் கதை முடிந்ததும் சொந்தமாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டு மேலே போக வேண்டியது. எல்லா ஊரிலும் அப்படித்தான் போகிறார்களாம்.

முதல் பெட்டியை மகளின் விடுமுறைக்காக வாங்கினேன். அவள் பகடைகளை மட்டும் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் போனுக்குள் போய்விட்டாள். வாங்கியதை வீணாக்குவது எனக்கு ஆகாத காரியம் என்பதால் விதிப் புத்தகத்தை நானே படித்தேன். நான் திருப்பூரில் அருள்புரம் பக்கத்தில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்கும் பையர் ஒரு டிசைனை வரைந்து, அளவு, நிறம், தையல் எல்லாம் எழுதி அனுப்புவார். அது பிசகாமல் பனியனாகி அவர் கைக்குப் போய்ச் சேரும் வரை இரு தரப்பிலும் திட்டு வாங்குவது என் உத்தியோகம். அப்படிப்பட்டவளுக்கு அந்த விதிப் புத்தகம் அச்சு அசலாக பையர் அனுப்பும் தாள்கள் போலவே இருந்தது. ஒரு மாவீரனின் பலம் இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஆசை பிறந்துவிட்டது.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகுதான் அந்த ஆசை தேவையாக மாறியது. நாங்கள் இருப்பது நல்லூரில். வீட்டை ஒட்டிய கொட்டகையில் என் வீட்டுக்காரர் சில நிட்டிங் மெஷின்களை வைத்துக் கம்பெனிகளுக்குத் துணி ஓட்டிக் கொடுக்கிறார். வார நாட்களில் அந்தச் சத்தத்தில் எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் நின்றதும் வீட்டில் ஒரு அமைதி இறங்கும் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் சோபாவில் டிவியைப் பார்த்துக்கொண்டே தூங்குவார். நான் பையருக்குப் பதில் எழுதுவேன். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்குக்கூட ஏதாவது பேச வேண்டுமல்லவா? நூல் வந்ததா, ஊசி உடைந்ததா, கரன்ட் எப்போது போகும் என்பதைத் தாண்டி நாங்கள் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. மகளைப் பற்றிப் பேசலாம் என்றால் அவள் சாப்பிட்டாளா என்று கேட்டு முடித்துவிடுவார். எனக்கு அது வருத்தமாக இருந்தது. வெளியே சொன்னதில்லை, ஆனால் நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

எனவே ஒரு ஞாயிறு பிற்பகல் டிவியை அணைத்துவிட்டுப் பெட்டியை மேசை மேல் வைத்தேன். எங்கள் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்ளும் தோழியை வரச் சொல்லியிருந்தேன். அவள் தூத்துக்குடிப் பக்கம். காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். காயம் ஆற்றும் துறவியை அவள் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் கோடாரி பிடித்த ஒரு குட்டையான வீரனைத் தேர்ந்தெடுத்தார். நான் கதை நடத்தினேன். ஒரு சத்திரத்துக் கிணறு திடீரென்று வற்றிப்போக, உள்ளே இறங்கி ஏன் என்று பார்ப்பதுதான் முதல் கதை. என் வீட்டுக்காரர் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார், தூங்கவில்லை. பேசியது மட்டும் ஒரே ஒரு வார்த்தை. எது எதிரே வந்தாலும் “வெட்டறேன்” என்றார். முருக பக்தர் என்பதால் கிருத்திகையன்று ஆட்டம் அமைந்தால் அந்தக் கோடாரிக்காரனும் சத்திரத்தில் கறி சாப்பிட மாட்டான், மற்றபடி வெட்டுவான்.

அதோடு நாங்கள் அடுத்த கதைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் போகவில்லை என்பது திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஆட்டம் முடிந்ததும் தோழி ஒரு தாளை நீட்டினாள். கதையில் எங்கெங்கே சரியில்லை என்று வரிசையாக எழுதியிருந்தாள்.

“கிணத்துப் படி ரொம்ப இறக்கமா இருக்குக்கா. பாம்பு வாரது லேட்டு. இதெல்லாம் சரிபண்ணி இன்னொரு வாட்டி போடுங்க, பாத்துட்டு சொல்லுதேன்” என்றாள்.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்களுக்கு அது சிரிப்பாகவே படவில்லை. பனியன் தொழிலில் முதலில் ஒரு சாம்பிள் தைப்போம். பையர் குறை சொல்வார், திருத்தி இன்னொன்று தைப்போம். அதற்கும் சொல்வார், மறுபடி தைப்போம். கடைசியில் அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மொத்த ஆர்டருக்கும் துணி வெட்டுவோம். அதற்குப் பெயர் பல்க். அப்ரூவல் வராமல் பல்க்கில் கை வைத்தவன் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே நான் படியைத் திருத்தினேன், பாம்பை முன்னால் கொண்டுவந்தேன், அடுத்த ஞாயிறு மறுபடியும் கிணற்றில் இறங்கினோம். அதற்கு அடுத்த ஞாயிறும் இறங்கினோம். திருத்தம் முடிந்ததும், வெவ்வேறு ஆட்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர். அவருடைய பங்காளி வீட்டார், தோழியின் மதினி, எங்கள் கம்பெனி அக்கவுண்டன்ட் என்று வீட்டுக்கு வந்த எல்லோரையும் அந்தக் கிணற்றில் இறக்கினோம். மின்சார ரீடிங் எடுக்க வந்தவர் ஒருவர்தான் தப்பித்தார். இவ்வளவு பேர் இறங்கியும் அப்ரூவல் யார் தர வேண்டும் என்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. பையர் இல்லாத ஆர்டரை வைத்துக்கொண்டு பல மாதங்களை ஓட்டிவிட்டோம்.

கிணறு சலித்தபோது இரண்டாவது பெட்டி வாங்கினோம். அதில் ஒரு கலங்கரை விளக்கம். அதிலும் அதே திருத்தம், அதே பொருத்தம். அந்தச் சமயத்தில்தான் மாடியில் குடிவந்த பல் டாக்டர் எங்களோடு சேர்ந்தாள். சின்னப் பெண், எங்கள் ஊர் ராயபுரத்தில் கிளினிக் வைத்திருக்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கிறவள், விளையாட்டில் பூட்டைத் திறக்கும் திருடியை எடுத்துக்கொண்டாள். அவள் வந்த பிறகுதான் மேசைக்கு உயிர் வந்தது. எதையும் தொட்டுப் பார்ப்பாள், எவரையும் கேள்வி கேட்பாள், புத்தகத்தில் இல்லாத கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பாள். நான் திணறுவேன்.

“அந்தக் கதவு கெடக்கட்டும் கண்ணு, இந்தக் கதவுக்கு வா” என்று இழுத்து வருவேன். கலங்கரை விளக்கத்தில் ஏறி ஏறி அவளுக்குக் கால் வலித்திருக்க வேண்டும். புதிய பெட்டி பற்றிய செய்தி வந்த அதே வாரம் அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

முதலில் பேச்செடுத்தவர் வீட்டுக்காரர்தான். செய்தியைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “வாங்கிப் போடு புள்ள. இதுல பனிமலையெல்லாம் வருது பாரு” என்றார்.

“எதுக்குங்க இன்னொரு பொட்டி? இருக்கறதுல இருந்தே இன்னும் வெளிய வரலீங்க நாம” என்றேன்.

“ஏன், பையரு ஒவ்வொரு சீசனுக்கும் புதுசா ரவுண்ட் நெக் கேக்கறதில்லையா? அதே பனியந்தான். வேண்டாம்னா சொல்றோம்?”

“அது நமக்குச் சோறு போடற பனியனுங்க. இது பீரோ மேல ஏறற பொட்டி.”

தோழி துறவியின் தாளை மடித்துக்கொண்டே அவர் பக்கம் சாய்ந்தாள். “அண்ணாச்சி சொல்லுததும் சரிதானக்கா. கையில சாம்பிள் இருந்தா ஒரு தெம்புல்லா.”

அதுவரை சும்மா இருந்த டாக்டர் பகடையை மேசை மேல் வைத்தாள். “ஏனுங்க்கா, எங்க படிப்புல மொத வருசம் மெழுகுல பல்லுச் செதுக்கச் சொல்லுவாங்க. அப்பறம் நெசமான வாயத் தொறந்து பாக்கோணுமில்லீங்களா? நீங்க மூணு பேரும் இன்னும் மெழுகுப் பல்லையே செதுக்கிட்டு இருக்கறீங்க. எனக்கு ஞாயித்துக்கெழம ஒண்ணுதானுங்க லீவு. புதுப் பொட்டி வந்தா ஒரு நாள் வந்து எல்லாத்துக்கும் டாட்டா சொல்லீட்டுப் போறனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் போனால் மேசையில் மீதி மூன்று பேர். தோழிக்கு ஞாயிறு மாலைகளில் பாடகர் குழுவில் பாட்டுப் பயிற்சி வரப்போகிறது, சாக்குக் கிடைத்தால் நழுவிவிடுவாள். அப்புறம் சோபா, டிவி, அந்த அமைதி. மேசையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெட்டியை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு கதையைத் தொடங்க வேண்டும். அதைத்தான் என்னால் செய்ய முடியாது என்று நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அடுத்தவர் வரைந்ததைப் பிசகாமல் செய்து கொடுத்தே பழகியவள் நான். ஒரு காலருக்கு என்ன நிறம் என்றுகூட நானாக முடிவு செய்தது கிடையாது. குழுவில் மூன்றாவது பெட்டி வேண்டாம் என்று வீறாப்பாக எழுதினேனே, அந்தப் பெட்டி எல்லோரையும்விட எனக்குத்தான் தேவைப்பட்டது. கோபத்தில் மறுபாதி அதனால் வந்ததுதான்.

வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே பெட்டியை வரவழைத்துவிட்டார். நானும் திட்டுவதுபோல் திட்டிவிட்டுக் கதைப் புத்தகத்தை ஒரு பழுப்பு உறையில் போட்டு வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு எடுத்துப் போனேன். ஞாயிறுதான் டாக்டர் கடைசியாக வரும் நாள், தடுமாறாமல் நடத்தினால் மனம் மாறுவாளோ என்று ஒரு நப்பாசை. மதிய உணவு நேரத்தில் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் சைஸ் செட் கிளம்ப வேண்டியிருந்தது. ஒரே டிசைனை எல்லா சைஸிலும் தைத்து, அளந்து பார்த்த அறிக்கையோடு பையருக்கு அனுப்புவதை அப்படிச் சொல்வோம். கூரியர்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். புத்தகத்தை உறைக்குள் தள்ளிவிட்டு எழுந்தேன். பனியன்களை அடுக்கினேன், மேசை மேலிருந்த பழுப்பு உறையை மேலே வைத்தேன், டேப் ஒட்டி அனுப்பிவிட்டேன். இன்னொரு பழுப்பு உறையை மாலையில் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டிக்குள் பத்திரமாக வைத்தேன். சனிக்கிழமை முழுதும் ஷிப்மென்ட் வேலையில் பெட்டிப் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிறு எல்லோரும் உட்கார்ந்தார்கள். டாக்டர் விடைபெறும் விருந்தாக முட்டை பப்ஸ் வாங்கி வந்திருந்தாள், அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியைத் திறந்து உறையிலிருந்து தாள்களை உருவினேன். மார்பு, தோள், கை நீளம், அடிச்சுற்று. பனிமலையைக் காணோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தோழி எட்டிப் பார்த்தாள்.

“ஏ அக்கா! இது நம்ம சைஸ் செட் ரிப்போர்ட்லா?”

“அப்ப பொஸ்தகம்?” என்றார் வீட்டுக்காரர்.

புத்தகம் அந்நேரம் கடல் தாண்டிப் பறந்துகொண்டிருந்தது. இரண்டு பழுப்பு உறைகளும் என் கண்முன் வந்து நின்றன. நான் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் சிரிக்கத் தொடங்கினார். சாதாரணச் சிரிப்பில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “பையரு பனிமலைய அளந்து பாத்துட்டு, தோளு ஒரு இஞ்சு கம்மின்னு சொல்லப்போறான்” என்று திணறித் திணறிச் சொன்னார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைவில்லை. எனக்கோ திங்கட்கிழமை பையருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை. அதைவிட அவசரமாக எதிரே டாக்டர் எழுந்து நின்றாள்.

“அப்ப இன்னிக்கு ஒண்ணுமில்லீங்களாக்கா? செரி, பப்ஸ் சாப்பிட்டுட்டுப் போலாமுங்க.”

“உக்காரு கண்ணு” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. “பொஸ்தகமில்லாமப் போடறேன்.”

தோழி மிரண்டுவிட்டாள். “சாம்பிளே காட்டாம நேரா பல்க்காக்கா? ஏசுவே!” என்று நெஞ்சில் கைவைத்தாள்.

“ஆமா, நேரா பல்க்குத்தான். கமெண்ட்ஸ் எழுதுனீன்னா பப்ஸ் கெடையாது.”

நடுவில் ஒரு ஆறு ஓடும் ஊர் என்று தொடங்கினேன். ஆறு ஒரு நாள் சிவப்பாக ஓடும், மறுநாள் நீலமாக ஓடும். சாயத்தண்ணீர் ஓடிய நொய்யலின் பழைய கதை தெரிந்த நாலு பேருக்கும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. இக்கரையில் இருப்பவர்கள் யாரும் அக்கரைக்குப் போனதில்லை. தினமும் மாலையில் அக்கரையில் யாரோ ஒரு விளக்கை ஏற்றி வைக்கிறார்கள். நேற்று மட்டும் ஏற்றவில்லை. இவ்வளவு சொன்னதும் என் சரக்கு தீர்ந்துவிட்டது. புரட்டிப் பார்க்க அடுத்த பக்கம் இல்லை. வேறு வழி தெரியாமல் அவர்களையே கேட்டேன். “ஊருக்குள்ள ஆரெல்லாம் இருக்கறாங்கன்னு நீங்களே சொல்லுங்க பாக்கலாம்.”

டாக்டர்தான் முந்துவாள் என்று அவளைப் பார்த்தேன். பேசியது வீட்டுக்காரர்.

“ஒரு பரிசல்காரன் இருப்பான்” என்றார். “அவனுக்கு நீச்சல் தெரியாது.”

மூன்று பேரும் அவரையே பார்த்தோம். அவர் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, யாரிடமோ கேட்டுத் தெரிந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். “நீச்சல் தெரியாததுனாலதான் அத்தன பதனமா ஓட்டுவான். அவங்கிட்ட ஏறுனவங்க ஒருத்தரும் முழுகுனதில்ல. ஆனா நடு ஆத்தத் தாண்ட மாட்டான். அவனுக்கு அக்கட்டால, அந்தக் கரையில, ஆரோ இருக்கறாங்க.”

ஆட்டம் பிடித்துக்கொண்டது அங்கேதான். பரிசல்காரனாக நான் பேச வேண்டியிருந்தது. அவனுக்கு ஒரு முணுமுணுப்புக் குரலைக் கொடுத்தேன். அவனிடம் திருடி கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். துறவி அவனுடைய பழைய கைக்காயத்தைப் பார்த்து எண்ணெய் தடவிவிட்டாள். கமெண்ட்ஸ் எழுதக் கொண்டுவந்த தாளில் தோழி பரிசலின் படத்தை வரைந்துகொண்டிருந்தாள். கடைசியில் அவன் சம்மதித்தான். ஆனால் கோடாரி கனம், பரிசல் தாங்காது என்றான். அதைச் சொல்லும்போதே வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், பரிசல்காரனை வெட்டறேன் என்பார்.

அவர் பகடையைக் கீழே வைத்தார். “கோடாரியக் கரையிலயே வெச்சுட்டு ஏறிக்கறேன்” என்றார்.

பரிசல் நடு ஆற்றைத் தாண்டியது. அக்கரையில் விளக்கு ஏறியது, அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். அந்த நேரம் பார்த்து டாக்டரின் போன் அடித்தது. கடைவாய்ப் பல் வலியில் யாரோ துடிக்கிறார்களாம். ஸ்கூட்டி சாவியைத் தேடிக்கொண்டே அவள் வாசலிலிருந்து கத்தினாள். “அடுத்த வாரம் நான் வர்ற வரைக்கும் பரிசல் அங்கயே நிக்கோணுமுங்க. நான் இல்லாம எறங்குனீங்க, கெட்ட கோவம் வரும் சொல்லீட்டன்!” டாட்டா சொல்ல வந்தவள் அதைச் சொல்லாமலே ஓடிவிட்டாள். சந்தோஷத்தில் அவளுடைய பங்கு பப்ஸையும் நானே சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை வாயில் முருகனை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், பையரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பையரின் அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. தோழியும் நானும் ஒரே திரையில் தலையை நீட்டிப் படித்தோம். சாம்பிள்கள் கிடைத்தன, அளவு அறிக்கை இல்லை, உடனே அனுப்பவும் என்று முதல் பத்தி. கூடவே ஒரு கதைப் புத்தகம் இருந்தது, அது எந்த ஸ்டைலைச் சேர்ந்தது என்று தெரிவிக்கவும் என்று இரண்டாவது பத்தி. மூன்றாவது பத்தியைப் படித்ததும் தோழி வாயைப் பொத்திக்கொண்டாள். புத்தகத்தை அலுவலகத்தில் எல்லோரும் படித்துவிட்டார்களாம். அதில் சொல்லியிருக்கும் பகடைகளும் விதிகளும் பாத்திரத் தாள்களும் பார்சலில் காணப்படவில்லையாம். இயன்றால் அளவு அறிக்கையோடு சேர்த்து அனுப்பி வைக்க வேண்டுமாம்.

அன்று மாலையே மூன்றாவது பெட்டியை அப்படியே கட்டி அறிக்கையோடு அனுப்பினேன். அனுப்பிவிட்டு, ரகளை நடந்த அந்தக் குழுவைத் திறந்து, நான் எழுதியதைத் திருத்தி எழுதினேன். பெட்டி வரட்டும், இன்னும் எத்தனை வேண்டுமானாலும் வரட்டும். இதுவரை ஒரு பெட்டியும் திறக்காதவர்கள் உலகத்தில் எங்கெங்கோ, ஏதோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு அது வேண்டும். எங்கள் வீட்டுக்கு மட்டும் வேண்டாம். நாங்கள் ஆற்றின் நடுவில் இருக்கிறோம்.

புதன்கிழமை உற்பத்திக் கூட்டத்தில் இருந்தபோது வீட்டுக்காரரின் போன் வந்தது. வேலை நேரத்தில் அவர் கூப்பிட்டால் ஏதோ தலைபோகிற காரியம் என்று அர்த்தம். மேலாளரிடம் கையைக் காட்டிவிட்டு வெளியே ஓடி வந்து எடுத்தேன். பின்னால் மெஷின்களின் இரைச்சல்.

“என்னங்க, நூல் வரலீங்களா?”

“நூலெல்லாம் காலைலயே வந்துருச்சு.”

“அப்பறம்? மெஷின் ஏதாச்சும் நின்னுபோச்சுங்களா?”

“அதெல்லாம் ஓடுது.” அவர் மெஷின்களை விட்டு வெளியே வந்தார் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது. “அக்கட்டால வெளக்க வெச்சுட்டு நிக்கறது ஆரு புள்ள?”

“அதுக்கா கூப்பிட்டீங்க?” என்றேன்.

“மூணு நாளா அதே ரோசனதான். ஆம்பளையா பொம்பளையா, அதையாச்சும் சொல்லு.”

எனக்கே தெரியாது என்று அவருக்குத் தெரியாது. படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி, சுவரில் சாய்ந்துகொண்டேன். “நீங்க ஆருன்னு நெனைக்கறீங்க?” என்று கேட்டேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். அந்தப் பரிசல்காரன் சின்ன வயதில் என்ன செய்தான் என்பதிலிருந்து தொடங்கினார். உள்ளே கூட்டத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார், நான் போகவில்லை.